கணக்கில் வராத ஒரு நோட்டுப் புத்தகம்

"கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் ஏதேனும் கல்வியிலோ பயிற்சியிலோ பங்கேற்றீர்களா?" என்ற ஒற்றை வரிக் கேள்வியைத் தமிழில் சரியாகக் கேட்பதற்கு எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. ஐரோப்பாவில் 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்கப்படும் கேள்வி அது. வாழ்நாள் கற்றல், உயர்கல்வி, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள உறவை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்காக, அதே கேள்வியைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். தருமபுரியில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். நாற்பத்திரண்டு வயதில் ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆராய்ச்சி செய்பவள் என்பதால், ஆய்வுப் பொருளில் நானும் ஒரு துணுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் மொழிபெயர்ப்பைக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் சோதித்தேன். "பங்கேற்றீர்களா" என்றதும் கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் வந்த கதையைச் சொன்னார்கள். "பயிற்சி" என்றதும் ஓர் அம்மா, "குழுவுல கூட்டிட்டுப் போயி, சாப்பாடு போட்டு, பஸ் காசு குடுப்பாங்களே, அதுங்களா டீச்சர்?" என்று கேட்டார். "கல்வி" என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் தங்கள் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதைச் சொன்னார்களே தவிர, கேள்வி தங்களைப் பற்றியது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அதை, "போன வருசத்துல புதுசா எதையாவது கத்துக்கிட்டீங்களா?" என்று மாற்றிக் கேட்டேன். பதில்கள் கொட்டின. ஆனால் மாற்றிய அந்த நொடியே அது ஐரோப்பியக் கேள்வியாக இல்லாமல் போய்விட்டது. இரண்டு விடைகளையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஐரோப்பாவுக்குள்ளேயே கேள்வியை லேசாகத் திருப்பினால் விடை எங்கோ போய்விடுகிறது. "கடந்த நான்கு வாரங்களில்" என்று கேட்கும் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கல்வியிலோ பயிற்சியிலோ இருந்த வயதுவந்தோர் 11.9 சதவீதம். "கடந்த பன்னிரண்டு மாதங்களில்" என்று கேட்டு, வேலையிடத்தில் ஒருவர் வழிகாட்ட நடக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளும் இன்னொரு கணக்கெடுப்பின்படி, அதே 2022-இல் 46.6 சதவீதம். மக்களும் அவர்கள்தான், ஆண்டும் அதுதான். 2030-க்குள் ஆண்டுதோறும் 60 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பயிற்சியில் இருக்க வேண்டும் என்று ஒன்றியம் வைத்துள்ள இலக்கு, பன்னிரண்டு மாதக் கேள்வியின் மேல் நிற்கிறது. "அங்கே பாதிப் பேர் படித்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்று யாராவது மேடையில் பேசும்போது, எந்தக் கேள்விக்கு வந்த பாதி என்று கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இராயக்கோட்டையில் நான் சந்தித்த இளைஞரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுத வைத்தவர் அவர்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர், வயது முப்பத்தொன்று. ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கணினிக் கட்டளையில் ஓடும் சி.என்.சி. இயந்திரத்துக்கு ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஆபரேட்டரின் வேலை என்பது இரும்புத் துண்டை மாட்டுவது, கதவைச் சாத்துவது, பச்சைப் பொத்தானை அழுத்துவது, முடிந்ததும் எடுத்து அளந்து அடுக்குவது. அவருக்கு மேலே செட்டர் என்று ஒருவர் இருப்பார். எந்த டூலைப் போடுவது, தேய்ந்த டூலுக்கு எவ்வளவு ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுப்பது, புரோகிராமில் எந்த வரியைத் திருத்துவது என்பதெல்லாம் செட்டருக்குத் தெரிந்த சங்கதிகள். சம்பளத்திலும் மரியாதையிலும் இருவருக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சமல்ல.

அந்தத் தூரத்தைக் கடக்க அவர் செய்தது இதுதான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்தவுடன் எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட, இவர் மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த ஷிஃப்டுக்கு வரும் செட்டர் அண்ணனின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பார். பிறகு பஸ் நிலையத்துக்கு வந்து, கைக்காசு போட்டு ஊர் திரும்புவார். பதினான்கு மாதங்கள். கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதினார். மகளின் பழைய கணக்கு நோட்டு, பின்பக்கம் காலியாக இருந்தது. அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் இயந்திரத்துக்கான கட்டளைகள் இப்படி இருந்தன:

"ஜி00 – வெட்டாம வேகமாப் போ. ஜி01 – வெட்டிக்கிட்டே நேராப் போ. ஜி02 – கடிகாரம் சுத்துற பக்கம் வளை. எம்03 – ஸ்பிண்டில் ஓடு. எம்30 – முடிஞ்சுது, மறுபடி மொதல்ல இருந்து."

நான்காம் பக்கத்தில் சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, "எக்ஸ்-ல போடுறது டயாமீட்டர். ரேடியஸ் இல்ல. இல்ல. இல்ல" என்று எழுதியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். "அன்னிக்கு ஒரு ஜாப் வேஸ்ட்டாப் போச்சு டீச்சர், அண்ணன் கண்டபடி திட்டிட்டாரு" என்றார். கடைசல் இயந்திரத்தில் விட்டத்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடநூல் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவர் இப்போது செட்டர். என் கேள்வித்தாளில் இவரை எங்கே வைப்பது? முறைசார் கல்வி என்றால் பள்ளியோ கல்லூரியோ வேண்டும், இல்லை. முறைசாராக் கல்வி என்றால் திட்டமிட்ட வகுப்பும் சொல்லித்தருபவரும் வேண்டும். செட்டர் அண்ணன் திட்டமிட்டுச் சொல்லித்தரவில்லை, தடுக்காமல் இருந்தார், அவ்வளவுதான். வேலையிடப் பயிற்சி என்றால் நிறுவனம் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். நிறுவனத்தைக் கேட்டால் அந்த ஒரு மணி நேரம் அவர் அங்கே இருந்ததே தெரிந்திருக்காது. எஞ்சுவது, தானாகக் கற்றது என்ற கட்டம். அதில் டிக் அடிக்கலாம்; ஆனால் நாடுகளை வரிசைப்படுத்தும் பங்கேற்பு விகிதத்தில் அந்தக் கட்டம் சேராது. ஆகவே அவர் "பங்கேற்காதவர்".

இதில் ஒரு விநோதம் உண்டு. அதே இளைஞர் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பேப்பர் அரியர். பெண் பார்த்த காலத்தில் "டிகிரி இருக்கா?" என்று கேட்டார்களாம், அந்தக் கேள்வி கல்யாணத்துக்குப் பிறகும் காதில் நின்றிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தேர்வுக்கு முன் பத்து நாட்கள் கைடு வாங்கிப் புரட்டுவார். அவருடைய வேலையில் அந்தப் படிப்பு ஒரு ரூபாயைக் கூட்டவில்லை. ஆனால் புள்ளிவிவரத்தின் கண்ணில் அவர் மாணவராக இருப்பது அந்தப் பத்து நாட்களால்தான்.

உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 சதவீதம் என்று 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வு சொல்கிறது. பெருமைப்படத்தக்க எண்தான், நானும் வகுப்பில் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னத்தின் மேலே இருப்பது வயது வித்தியாசம் பாராமல் சேர்ந்திருக்கும் எல்லா மாணவர்களும். கீழே இருப்பது 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகை மட்டும். இராயக்கோட்டைச் செட்டரும், பாலக்கோட்டில் பி.லிட். படிக்கும் நாற்பது வயது அங்கன்வாடிப் பணியாளரும் மேலே ஏறிக்கொள்வார்கள், கீழே இருக்க மாட்டார்கள். வாழ்நாள் கற்றல் என்று தனியாக ஒரு பத்தியில் தேடினால் கிடைக்காதது, இளைஞர் கல்வி என்ற பெயரில் இந்த எண்ணுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கெடுப்புகளை மட்டம் தட்டுவது என் நோக்கமல்ல. ஒரு விஷயத்தில் அவை ஐரோப்பியர்களைவிடக் கூர்மையானவை. காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் தொழிற்பயிற்சி பற்றிக் கேட்கும்போது, முறையான பயிற்சி பெற்றவரா என்பதோடு நிற்காமல், பரம்பரையாகக் கற்றவரா, தானே கற்றவரா, வேலை செய்தபடியே கற்றவரா என்று தனித்தனியாகக் குறிக்க இடம் இருக்கிறது. பரம்பரையாகக் கற்றது என்ற கட்டத்தை ஜெனீவாவிலோ லக்சம்பர்க்கிலோ உட்கார்ந்து ஒருவர் யோசித்திருக்க முடியாது. கொல்லர் வீட்டிலும் தச்சர் வீட்டிலும் வளர்ந்த பிள்ளையைத் தெரிந்தவர்தான் யோசித்திருக்க முடியும். அதன் பின்னால் சாதி நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

அடுத்து வேலையின்மை. இதே ஆய்வின்படி 2022-23-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் வேலையில்லாதோர் 3.2 சதவீதம், பட்டதாரிகளிடம் மட்டும் பார்த்தால் 13.4 சதவீதம். ஐரோப்பாவில் படிக்கப் படிக்க வேலையின்மை குறைகிறது, இங்கே கூடுகிறது. இதைப் பார்த்துவிட்டுப் படிப்பே வீண் என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் எழுதப்படிக்கத் தெரியாத ஒருவர் வேலையில்லாமல் இருக்கவே முடியாது. மறுநாள் அடுப்பு எரிய வேண்டுமென்றால் செங்கல் சூளைக்கோ, பெங்களூரில் கட்டட வேலைக்கோ போயே ஆக வேண்டும். "வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று கணக்கெடுப்பவரிடம் சொல்வதற்கு, அதுவரை சோறு போட ஓர் அப்பாவோ அண்ணனோ வேண்டும். ஸ்வீடனில் அந்த இடத்தில் வேலையின்மைக் காப்பீடு இருக்கிறது. ஆகவே இரண்டு நாடுகளின் வேலையின்மை விகிதங்களும் ஒரே பெயர் கொண்ட இருவேறு பொருள்கள்.

காத்திருக்கும் பட்டதாரிகள் சும்மா இருப்பதும் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் காலையில் இடம்பிடிக்கத் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் தெரியும். 2022 குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடங்களை அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்பு போதும் என்ற தேர்வுக்கு எம்.எஸ்சி., பி.இ. முடித்தவர்கள் ஆறு ஆண்டுகள், எட்டு ஆண்டுகள் என்று படிக்கிறார்கள். இதுவும் வயதுவந்தோர் கற்றல்தான், அதுவும் தீவிரமான கற்றல். ஆனால் தேர்வில் தேறாவிட்டால் அந்த எட்டு ஆண்டுப் படிப்புக்கு வேறு எங்கும் விலை கிடையாது. தேறாதவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் வெளியே வருகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தாள் பற்றிய பேச்சு வந்ததால் என் சித்தப்பா மகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, பிளஸ் டூ இல்லாமலேயே திறந்தநிலை முறையில் நுழைவுத் தேர்வு எழுதிப் பட்டம் வாங்கியவள். பிறகு எம்.ஏ.யும் முடித்தாள். ஒரு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படிக்கவில்லை என்று கூறித் திருப்பி அனுப்பினார்கள். 2009-ஆம் ஆண்டின் அரசாணைப்படி அது சரியான முடிவுதான். வரிசை தவறிய திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்கு ஏற்கப்படாது. சரிபார்த்தவர் விதியைப் படித்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. காசு கொடுத்துப் பட்டம் வாங்குகிறார்கள் என்ற அச்சமும், முறையாகப் படித்து வந்தவர்களுக்கு அநீதி என்ற வாதமும் விதிக்குப் பின்னால் இருக்கின்றன. இருந்தாலும், ஒருவருக்கு என்ன தெரியும் என்று பார்க்காமல், எந்த வயதில் எந்தப் படியில் கால் வைத்தார் என்று பார்க்கும் விதி இது.

ஸ்வீடனில் 1977 உயர்கல்விச் சீர்திருத்தத்தின்போது இதற்கு நேரெதிரான ஒரு விதி நாடு முழுவதும் பரவலானது. இருபத்தைந்து வயதும் நான்கு ஆண்டு வேலை அனுபவமும் இருந்தால், பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காதவரும் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கலாம். 25:4 என்றே அதற்குப் பெயர். பின்னாளில் அதைக் கைவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு தலைமுறைக் காலம், ஆலையில் கழித்த நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தின் வாசலில் செல்லுபடியாகும் நாணயமாக இருந்தன.

இந்தச் சிந்தனையின் வேரைத் தேடிப் போனால் ஓலோஃப் பால்மேயிடம் போய்ச் சேர்கிறோம். 1969-இல், அவர் ஸ்வீடனின் கல்வி அமைச்சராக இருந்தபோது, படிப்பை எல்லாம் இளமையிலேயே திணித்து முடிக்காமல், படிப்பும் வேலையுமாக மாறி மாறி வாழ்நாள் முழுவதும் பரப்ப வேண்டும் என்று ஐரோப்பியக் கல்வி அமைச்சர்களின் மாநாட்டில் பேசினார். பேச்சோடு நிற்கவில்லை. 1974-இல் ஸ்வீடனில் கல்வி விடுப்புச் சட்டம் வந்தது: வேலையில் இருப்பவர் தான் விரும்பியதைப் படிக்க விடுப்பு எடுக்கலாம், திரும்பி வரும்போது வேலை இருக்கும். சம்பளம் கிடையாது; படிப்புக்கால உதவித்தொகையும் கடனும் அரசின் வழியாக வரும். 2022 அக்டோபர் முதல், பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் திறனை வளர்க்கப் படித்தால், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. அதே 1974-இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றிய 140-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஸ்வீடன் மறு ஆண்டே ஏற்றது. இந்தியா அதை ஏற்கவில்லை.

சிங்கப்பூரின் வழி வேறு. 2016 தொடக்கத்தில் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் எல்லோருக்கும் பயிற்சிக் கட்டணத்துக்காக 500 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்), 2024-இல் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளியும் கணக்கில் வைத்தார்கள். கட்டணத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது என்பது சில ஆண்டுகளில் அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். 2025 முதல், நாற்பதைக் கடந்தவர்களில் முழுநேரமாகப் படிக்க வருவோருக்கு அவர்களுடைய சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல், வாழ்நாளில் 24 மாதங்கள் வரை தருகிறார்கள். தென்கொரியாவிலோ வாழ்நாள் கல்வியை அரசு வளர்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 31-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1998 முதல் அங்கே இயங்கும் மதிப்பெண் வங்கியில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே அங்கீகாரம் பெற்ற இடங்களில் படித்ததையும் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பட்டமாக மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் ஓர் அட்டவணையில் வைத்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு மாறுபடுவது மக்களின் ஆர்வம் அல்ல, படிக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதுதான் என்று எனக்குப் பட்டது. வகுப்பறை, ஆசிரியர், பாடத்திட்டம், சான்றிதழ் என்று எத்தனையோ திட்டங்களை நாமும் போடுகிறோம். பெரும்பாலும் எல்லாம் இலவசம். ஆனால் ஷிஃப்டில் நிற்பவருக்கு வகுப்பு இலவசமாக இருந்து என்ன பயன்? அந்த ஒரு மணி நேரத்துக்கான ஓ.டி. போகிறது, கம்பெனி பஸ் போகிறது. அதனால்தான் என் கேள்வித்தாளில் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: "அதைக் கத்துக்க நேரம் எங்கிருந்து கெடச்சுது?" இராயக்கோட்டைச் செட்டர் யோசிக்கவே இல்லை. "தூக்கத்துல இருந்துதான் எடுத்தேன். வேற எங்க இருக்குது?" என்றார். அவருடைய மனைவி உள்ளிருந்து, "எங்கிட்ட இருந்தும்னு எழுதுங்க டீச்சர்" என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

என் ஆய்வு வழிகாட்டிக்கு இந்த ஒப்பீட்டில் உடன்பாடு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி இடத்தில், 68.5 சதவீதத்தில் இருந்த தருமபுரியை ஸ்வீடனோடு ஒப்பிடுவது, மலையை மடுவோடு ஒப்பிடுவது போன்றது என்கிறார். கிருஷ்ணகிரி 71.5, மாநிலம் 80.1 என்றிருக்கும்போது, தருமபுரியைக் கோயம்புத்தூரோடு ஒப்பிட்டாலே போதும் என்பது அவர் கட்சி. பாதி சரிதான். பணக்கார நாட்டின் காப்பீட்டையும் உதவித்தொகையையும் எடுத்துக்காட்டி நம்மைக் கடிந்துகொள்வதற்காக ஒப்பிட்டால் அது வீண் வேலை. ஆனால் பக்கத்து மாவட்டத்தோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், இரண்டு மாவட்டத்திலும் இல்லாத ஒன்று கண்ணில் படவே படாது. கல்வி விடுப்பு என்ற சொல்லை ஓசூரில் ஒரு தொழிற்சங்கக்காரரிடம் சொன்னபோது, "பிள்ளைங்க பரீட்சைக்கு லீவா மேடம்?" என்று அவர் கேட்டதை மறக்க முடியவில்லை. இங்கே இல்லாததால் அதற்கு இங்கே பெயரும் இல்லை.

இதே ஓசூரில் நேரத்துக்குக் கூலி கொடுத்துக் கற்பித்த முன்னுதாரணமும் இருக்கிறது. 1980-களில் டைட்டன் கைக்கடிகார ஆலை தொடங்கியபோது, கிராமத்துப் பள்ளிகளில் படித்து வந்த இளைஞர்களைச் சேர்த்து, நுணுக்கமான அந்த வேலையை முதலிலிருந்து கற்றுக்கொடுத்தே நிறுத்தினார்கள். இன்று நிரந்தரத் தொழிலாளி குறைந்து, டிரெய்னி, காண்டிராக்ட் என்று இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தொழிற்சாலையில் அப்படிச் செய்ய எந்த முதலாளிக்கும் மனம் வராது. கற்றுக்கொடுத்ததன் பலன் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும் அல்லவா? செலவைப் பொதுப் பணத்திலிருந்து ஏற்க வேண்டும் என்று பல நாடுகள் முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றிய கேள்வித்தாளோடு இரண்டாம் சுற்றைக் காவேரிப்பட்டணம் பக்கம் தொடங்கினேன். மாங்கூழ் ஆலையில் சீசனுக்கு மட்டும் பழம் தரம் பிரிக்கப் போகும் ஒரு பெண்மணி, மற்ற மாதங்களில் ஜாக்கெட் தைக்கிறார். "புதுசா எதையாவது கத்துக்கிட்டீங்களா?" என்றதற்கு, "எங்க கண்ணு, இந்த வயசுல" என்று சிரித்தார். கால் மணி நேரம் கழித்து, தையல் மிஷின் மேல் ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்தியிருந்த செல்பேசியைப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டேன். பிரின்சஸ் கட் ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டுவதை அதில் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திக் கற்றிருக்கிறார்; இப்போது அதற்குச் சாதா ஜாக்கெட்டைவிட இரண்டு மடங்கு கூலி வாங்குகிறார். அது கற்றல் என்று அவருக்குத் தோன்றவில்லை, என் முதல் கேள்வித்தாளுக்கும் தோன்றியிருக்காது. நேரம் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் ஆலையின் வேன் வந்து ஆரன் அடித்தது. பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது, இனிமேல் இரவு ஷிஃப்டும் இருக்கும் என்றார். மீதிக் கேள்விகளை ஆவணி பிறந்த பிறகு வந்து கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.